கழுத்தும் மாடி வீடும்

இல்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன், அதற்குள் பிரஷ் வந்துவிட்டது. பாரிக் எப்போதும் மேலுதட்டிலிருந்துதான் நுரை போட ஆரம்பிப்பான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறவன் சோப்பைத் தின்ன வேண்டும். சரி, சவரம் முடியட்டும், முகத்தைத் துடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம், மாடி வீடு தர முடியாது பாரிக், வேறு இடம் பார்த்துக்கொள், அவ்வளவுதானே விஷயம். வரும் வழியில் டிரான்ஸ்பார்மர் அருகே நின்று ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தேன். முதலில் ‘தருவதற்கில்லை’ என்று வந்தது, அது அரசாணை மாதிரி இருந்தது. ‘தர முடியலப்பா’ என்று மாற்றினேன், அந்த ‘அப்பா’ நான்தான் அவனிடம் வீடு கேட்டுப் போனதுபோலக் கெஞ்சியது. கல்லூரி நூலகத்தில் இருந்த காலமெல்லாம் புத்தகங்களின் அச்சுப்பிழைகளை, யாரும் கேட்காமலேயே, பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தவன் நான். எனக்கு இந்தச் சின்ன வாக்கியம் அமையவில்லை. எதிர்க் கண்ணாடியில் என் தலை, அதற்குப் பின்னால் பாரிக்கின் தலை, அதற்கும் பின்னால் பெஞ்சில் சுந்தரவடிவேல், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. பின்சுவரிலும் ஒரு கண்ணாடி இருப்பதால் நாங்கள் மூவரும் வரிசை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே உள்ளே போகிறோம், கடைசியில் எங்கோ பச்சையாக மங்கிய ஆழத்தில் கடுகளவு சுந்தரவடிவேல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்று சவரம் தேவையே இல்லை, கன்னம் வழவழவென்று இருக்கிறது. நேற்று நடைப்பயிற்சியில், நாளைக்குச் சொல்லிடறேனுங்க என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேனா என்று பார்க்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வாக்கு என்று பார்த்தால் அதற்கு முன்னாலேயே ஒன்று கொடுத்துவிட்டேன், அதுதான் சிக்கல். போன மாதம் இதே நாற்காலியில், தலைக்கு எண்ணெய் தேய்த்து அவன் விரல்கள் காதுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழியில் போய் அழுத்திக்கொண்டிருந்தபோது, மனுஷனுக்கு எதற்கும் இல்லை என்று சொல்லத் தோன்றாத அந்த நேரத்தில், பாரிக் கேட்டான். பொண்ணு மூணாவது போகணும் சார், இங்கேயே சேர்த்துக்கறோம்னு ஸ்கூல் டீச்சர் சொல்லிட்டாங்க, வீடுதான் இல்ல. பேசி வைத்திருந்த வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார், தெருவில் ஏதோ சொன்னார்களாம். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இவனோடு நாலு பேர் படுக்கிறார்கள், அங்கே குடும்பத்தை எப்படி வைப்பது. எங்கள் மாடி காலியாக இருக்கிறது. மகள் பெங்களூருக்குப் போனதிலிருந்து அங்கே பழைய சஞ்சிகைக் கட்டுகளும் ஒரு உடைந்த டிரெட்மில்லும்தான் குடியிருக்கின்றன. வரச் சொல்லு, என்றேன். எண்ணெய் மயக்கத்தில் சொன்னது செல்லுமா என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்ததாக நினைவில்லை. அவன் டிக்கெட் போட்டுவிட்டான். ரயில் நேற்றே அவன் ஊரான பத்ரக்கில் கிளம்பிவிட்டது. அவன் மனைவி சுலேகா, மகள் இதிஸ்ரீ. காலையில் பால் வாங்கப் போனபோது கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, விசாகப்பட்டினம் வந்துருச்சு சார் என்றான், ஏதோ நான் கேட்டதுபோல. இப்போது கோதாவரியைத் தாண்டியிருக்கும். அந்தப் பாலத்தில் ரயில் போடும் சத்தம் எனக்குத் தெரியும், கடகடவென்று அடிவயிற்றில் கேட்கும், குழந்தைகள் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொள்ளும். நான் இல்லை என்று சொல்லும்போது அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ரயிலைத் திருப்ப முடியாது. லாட்ஜில் சில நாள், பிறகு திரும்பப் பத்ரக், பள்ளி அங்கே, அப்பா இங்கே, வருடத்துக்கு ஒரு முறை முகம். நுரை காதுவரை ஏறிவிட்டது. குளிர்கிறது.

கத்தி இப்போது. புது பிளேடு, என் கண்ணுக்கு எதிரே உறையைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவான். கன்னத்தில் இறங்கும் அந்தக் கரகரப்பு எனக்குப் பிடிக்கும், புத்தகத்தின் ஒட்டிய தாள்களை ஓரமாக அறுக்கும்போது வருகிற சத்தம். தாடையைக் கடந்து, இரண்டு விரலால் மூக்கு நுனியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, அப்புறம் கழுத்து. இங்கே மட்டும் நான் மூச்சை நிறுத்திக்கொள்வேன். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஓடுகிற ரத்தக்குழாயின் பெயரை ஒரு உடற்கூறியல் புத்தகத்தில் படித்துத் தொலைத்தேன், பெயர் தெரிந்ததிலிருந்து அது தனியாகத் துடிக்கிறது. பாரிக்குக்கு அது தெரியும், அந்த இடத்தில் கை மெதுவாகும். ஐந்து வருடமாக மெதுவாகிறது. ஐந்து வருடமாக இந்தத் தெருவே வந்து இந்த நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுகிறது. சுந்தரவடிவேல் குறட்டையே விடுவார். ஆனால் வீடு என்றால் மட்டும், ஏனுங் சாமி, உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலீங்களா, இவங்க எப்படிப்பட்டவங்கன்னு நமக்கு என்னங்க தெரியும் என்கிறார். கழுத்தைக் கொடுக்க முகம் தெரிந்தால் போதும், மாடியைக் கொடுக்கத்தான் பூர்வீகம் விசாரிக்க வேண்டும். இதை நேற்றே அவரிடம் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் மறுநாள்தான் தோன்றும், அதுவும் பேச முடியாத நிலையில்.

நேற்று அவர் சொன்னதை வரிசையாக எடுத்துக்கொண்டால், முதலாவது அவங்க வடக்கத்தி ஆளுங்க. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் பத்ரக் வடகிழக்கு. நம்முடைய இதே கடற்கரையை வரைபடத்தில் விரலால் மேலே தடவிக்கொண்டே போனால் கடலைவிட்டு விலகாமல் அவன் ஊர்ப் பக்கம் போய்விடலாம். முதல் நாள் நானும் இந்தத் தப்பைத்தான் செய்தேன், துருப்பிடித்த இந்தியைத் தேடி எடுத்து மிகவும் மரியாதையாக அவன் பெயரைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, சார், எனக்கும் இந்தி ஸ்கூல்ல படிச்சதுதான் சார், நாம தமிழ்லயே பேசிக்கலாம் என்றான். சப்பாத்தி ஆளுங்க என்றார் சுந்தரவடிவேல். அவன் பழைய சோறு தின்கிறவன், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, அதற்கு அவர்கள் ஊரில் தனியாக ஒரு நாளே கொண்டாடுகிறார்களாம். இதைச் சொன்னபோது சுந்தரவடிவேல் நம்பவில்லை, நான் புத்தகத்தில் படித்ததை அவன் தலையில் கட்டுவதாகச் சொன்னார். பான் போட்டுச் சுவரெல்லாம் துப்புவாங்க என்றார். பாரிக்குக்கு வெற்றிலை ஆகாது. வெற்றிலைச் சாறால் தன் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் முப்பது வருடமாக ஒரு ஓவியம் வளர்த்துவருபவர் சுந்தரவடிவேலின் சொந்த மாமனார், அவர் திண்டுக்கல்லுக்கு வடக்கே எங்கும் போனதில்லை. பிறகு அந்தப் பெரிய குற்றச்சாட்டு: ஒருத்தனுக்குக் கொடுத்தீங்கன்னா பத்துப் பேர் வந்து படுப்பாங்க. இது மட்டும் உண்மை, நான் நேரில் பார்த்திருக்கிறேன். பரோடாவில் நானும் என் மனைவி கோகிலமும் இருவராகக் குடிபோனோம், அடுத்த மழைக்காலத்தில் ஒன்பது பேர் இருந்தோம்.

என் தம்பி, அவள் அண்ணன், அண்ணனின் சிநேகிதன், அந்தச் சிநேகிதனுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்த இன்னொருவன். இரவில் யாராவது புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். வீட்டுக்காரர் வினுபாய் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். வாயைக் கொப்பளிக்கப் போய்விடுவார். மதராசிகளுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்று தெருவே அவரிடம் சொல்லியிருக்கும். ஆயுத பூஜையன்று நான் செய்த காரியம் வேறு. எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் ஒரு சைக்கிள். அதைத் துடைத்து, பொட்டு வைத்து, சாயங்காலம் ஒரு வெள்ளைப் பூசணியை வெட்டி உள்ளே குங்குமம் கொட்டி, சைக்கிளைச் சுற்றித் தெருமுனையில் ஓங்கி உடைத்தேன், ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று. அந்த ஊரில் யாரும் செய்வதில்லை. நவராத்திரி ஆட்டத்துக்குப் புறப்பட்டு நின்றவர்கள், குழந்தைகள் உட்பட, முச்சந்தியில் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், யாரோ ஒரு அம்மாள் பிள்ளையை இழுத்து முந்தானையில் மூடிக்கொண்டாள். கோகிலம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, போச்சு, மூட்டையைக் கட்டலாம் என்றாள். பிறகு இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், சைக்கிள் வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு நடந்தது சிரிப்பாக இருக்காது. வினுபாய் பனியனோடு வெளியே வந்தார், பார்த்தார், உள்ளே போனார், துடைப்பமும் முறமும் எடுத்து வந்து குனிந்து அத்தனை துண்டையும் தானே கூட்டி அள்ளினார். ஒரு துண்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, பூசணிக்காய், என்றார் அவர் மொழியில். அப்புறம் என்னிடம் திரும்பி, இவ்வளவு சின்னதை யார் உங்கள் தலையில் கட்டியது, அடுத்த வருஷம் சொல்லுங்கள், நான் சந்தையில் நல்லதாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார். நாங்கள் அங்கே ஆறு வருடம் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள்.

பார்த்தாயா, எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, நீயும் ஒரு காலத்தில் வந்தேறிதானே, ஆகவே மாடியைக் கொடு. இப்படி அச்சுப்பிழையே இல்லாமல் வந்து நிற்கும் நீதியை நான் நம்புவதில்லை. வினுபாய்க்குச் செய்ய வேண்டியதைப் பாரிக்குக்குச் செய்து கணக்கை முடிப்பதற்கு நான் என்ன அஞ்சலகமா. உண்மையில் எனக்குப் பயம், அவ்வளவுதான். பாரிக்கிடம் இல்லை, கத்தி இப்போது சரியாக அந்த ரத்தக்குழாயின் மேல் இருக்கிறது, பயமில்லை. பயம் கண்ணாடிக்குள் பேப்பர் படிக்கிறவரிடம். கோகிலத்துக்கு நெஞ்சு வலித்த அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் காரை எடுத்து வந்தவர் அவர். மருத்துவமனை வாசலில் என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்து, ஒண்ணும் ஆகாதுங் சாமி, ஒண்ணும் ஆகாது என்று அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இருபது வருடம் சேர்ந்து நடந்திருக்கிறோம், தினமும் ஒரே பூங்கா, ஒரே சண்டைகள். நாளைக் காலை அவர் வீட்டு கேட்டில் நான் நிற்கும்போது உள்ளேயிருந்து மருமகள் வந்து, மாமா முன்னாடியே போயிட்டாங்க என்று சொன்னால். அதுதான் பயம். அதற்காக ஒரு பெண் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே அவள் வீட்டைப் பிடுங்கலாமா என்று கேட்டால், ஆமாம், நேற்று அந்த முடிவுக்குத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து, மேடம் ஒத்துக்கலன்னு சொல்லிடறேன், கடுகெண்ணெய் வாசம் அவளுக்கு ஆகாதுன்னு, என்று கோகிலத்திடம் ஒத்திகை பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “வரச் சொன்னது நீங்க. வேண்டாம்னும் நீங்களே சொல்லுங்க. நடுவுல என் பேரு வரக்கூடாது. எனக்குக் கடுகெண்ணெய் ஒண்ணும் பண்ணாது, பரோடாவுல ஒம்பது பேரு கால் நாத்தத்தைப் பாத்தவ நான்.”

முதல் சுற்று முடிந்தது. ஈரத்துணியால் ஒத்தியெடுக்கிறான். இரண்டாவது நுரைக்கு முன்னால் இருக்கும் இந்த இடைவெளி, இதுதான் நேரம், வாய் காலியாக இருக்கிறது. பேப்பர் ஒரு விரற்கடை இறங்கியது, சுந்தரவடிவேலின் மூக்குக்கண்ணாடி தெரிகிறது. பாரிக், என்றேன். சார், என்றான். அவன் பாக்கெட்டில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் சார் என்று கதவோரம் போனான். ஒடியாவில் பேசினான். எனக்குப் புரியவில்லை, ஆனால் குரல் புரிந்தது, பாதி கோபம், பாதி கெஞ்சல், கடைசியில் தோற்ற சிரிப்பு, கல்யாணமான ஆண்கள் எல்லா மொழியிலும் அதை ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். திரும்பி வந்தவன் பிரஷை நுரைக் கிண்ணத்தில் சுற்றினான், சுற்றினான், போடவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

“சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது.”

சொல்லு, என்றேன். கேட்டுவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

“என் வொய்ஃப் கல்லு எடுத்துட்டு வருது சார். அரைக்கிற கல்லு, உங்க அம்மி மாதிரி. வேணாம்னு சொன்னேன், இங்க மிக்சி இருக்குன்னு சொன்னேன். கேக்கல. பத்ரக்ல போர்ட்டர் திட்டுனாராம். இப்ப விஜயவாடா. சீட்டுக்குக் கீழ வெச்சு, பொண்ணு அது மேல கால் வெச்சு உக்காந்துட்டு வருதாம். மேல மாடி, தரை தாங்குமா சார்? கீழ மேடத்துக்குச் சத்தம் வருமா?”

கல். மூன்று மாநிலங்களைத் தாண்டி ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குச் சொல்லாம ஓடிருவாங்க என்று சுந்தரவடிவேல் நேற்று சொன்னாரே, அதற்கு நான் பதில் தேடிக்கொண்டே தூங்கினேன், ஓடப்போகிறவள் கல்லையா கட்டிக்கொண்டு வருவாள். பையில் துணியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள். கல்லோடு வருகிறவள் அதில் கடுகு அரைக்கவும், மஞ்சள் அரைக்கவும், வருஷக்கணக்கில் அரைத்து அது நடுவில் குழிந்து, அதை மறுபடி கொத்த ஆள் தேடவும் வருகிறாள். கோகிலம் பரோடாவுக்கு ஒரு ஆட்டுக்கல்லைக் கொண்டுவர முயன்றபோது அவள் அப்பா ஸ்டேஷனிலேயே பிடுங்கிக்கொண்டார், அதை நினைத்து முதல் மாதம் அழுதாள், நான்தான் ஒரு கல்லுக்கா அழுவாய் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அந்தச் சின்னக் கால்கள் இப்போது கல்லின் மேல் இருக்கின்றன. அது குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் தரை தாங்குமா என்று கேட்கிறான், இது என்ன கேள்வி, கட்டும்போது நான் கூடவே நின்று ஒவ்வொரு கம்பியையும் பார்த்தேன், மேஸ்திரி என்னைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு தப்பான தகவலை மட்டும் என்னால் எங்கும் விட்டுவைக்க முடியாது.

“தரையா? யானை நின்னாலும் தாங்கும், கான்கிரீட்” என்றேன். “ஆனா நடுவுல வெக்காதே. அடுப்புமேடைக்குக் கீழ, சுவரோரமா வை. அங்கதான் பீம் ஓடுது. அடியில ஒரு சாக்கை நாலா மடிச்சுப் போட்டுட்டா எங்களுக்குச் சத்தம் கேக்காது. காலைல கோகிலம் எந்திரிச்சப்பறம் அரைச்சுக்கட்டும். அந்த ஜன்னல் கதவு மழைக்கு உப்பிக்கும், தள்ளித் திறக்கணும். நாளைக்கே ஒரு ஆசாரியை...”

பாரிக் தலையாட்டிக்கொண்டே இருந்தான், பிரஷிலிருந்து ஒரு சொட்டு நுரை என் மடியில் விழுந்தது. நான் நிறுத்தினேன். கல்லை எங்கே வைப்பது என்று சொன்ன பிறகு வீடு இல்லை என்று எப்படிச் சொல்வது. கண்ணாடியில் பேப்பர் முழுக்க இறங்கியிருந்தது. சுந்தரவடிவேல் என்னைப் பார்த்தார். என்னையல்ல, கண்ணாடியில் இருக்கும் என்னை. அவருக்குப் பின்னாலும் முன்னாலும் இன்னும் எத்தனையோ சுந்தரவடிவேல்கள், எல்லோரும் ஒரே முகத்தோடு. கோபமா என்று தெரியவில்லை, அவருக்கு இயல்பிலேயே வங்கி மேலாளர் முகம். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்த நேரத்தில் இரண்டாவது நுரை வந்து என் வாயை மூடியது, அதற்காகப் பாரிக்குக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எதிர்வாட்டம் சவரம், படிக்காரக் கல்லின் எரிச்சல், ஈரத்துணி, பவுடர். பிறகு வழக்கம்போல இரண்டு உள்ளங்கையையும் என் தாடையிலும் பிடரியிலும் வைத்தான். சொடக்கு எடுக்கட்டுமா சார் என்று ஒவ்வொரு முறையும் கேட்பான், கழுத்தைத் திருகிப் படக்கென்று ஒரு சத்தம், சுந்தரவடிவேலுக்கு அது இல்லாமல் சவரம் முடியாது. அது எவ்வளவு ஆபத்து என்று நான் ஒரு முழுக் கட்டுரையே படித்திருக்கிறேன், ஐந்து வருடமாக மறுத்துவருகிறேன். இன்று அவன் கேட்கவில்லை. கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் கேட்க நினைத்தது சொடக்கைப் பற்றியல்ல என்பது எனக்குத் தெரிந்தது. தெருவில் பேச்சு அவன் காதுக்கும் வந்திருக்கும், கடைக்குத்தானே எல்லாப் பேச்சும் வருகிறது.

“கழுத்து வேண்டாம், பாரிக்” என்றேன். “வீடு எடுத்துக்கோ. ஸ்டேஷன்ல இருந்து நேரா வந்துருங்க. பால் நான் வாங்கி வெக்கிறேன், உள்ள வந்ததும் முதல்ல அதைக் காய்ச்சணும்.”

“பொங்கணும்ல சார்?”

“பொங்கி வழியணும்.”

“எங்க ஊர்லயும் வழியணும் சார்” என்றான். போர்வைத் துணியை அவிழ்த்து உதறினான், வேண்டிய அளவைவிட அதிகமாகவே உதறினான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நான் எழுந்தேன். சுந்தரவடிவேலும் எழுந்தார். கடை சின்னது, இருவரும் எதிரெதிராக நிற்க வேண்டியதாயிற்று. பேசினால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தேடினேன், நாளைக்குத்தான் தோன்றும். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், மழித்த கன்னத்தோடு, வந்ததற்கு வேறு காரணம் சொல்ல முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பாரிக் துணியைப் போர்த்தினான், கழுத்தில் முடிச்சுப் போட்டான். புது பிளேடைப் பிரித்துக் காட்டினான். சுந்தரவடிவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசலில் செருப்பைத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன், அது என் காலிலேயே இருந்தது.

“ஏம்ப்பா” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “அந்தக் கல்லு என்ன கனம் இருக்கும்? ஆட்டோக்காரன் ஏத்த மாட்டான். என்ர கார் டிக்கியில...”

மேற்கொண்டு சொல்வதற்குள் பிரஷ் வந்துவிட்டது. அவர் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டினார்.